வாடகைக் கனவை விற்றவர்களே பதில் சொல்ல வேண்டும்

திருவனந்தபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைக் காட்டி கழக்கூட்டத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. பின்னர் விழிஞ்ஞம் துறைமுகத்தைக் காட்டி தெற்கேயும் நிலத்தின் விலை ஏறியது. குடியிருக்க வீடு வேண்டியவர்களைக் காட்டிலும், மாதந்தோறும் வாடகை வரும் என்று நம்பியவர்களையே பல கட்டுமான நிறுவனங்கள் குறிவைத்தன. 2020இல் கொரோனா வந்தது, ஐ.டி. இளைஞர்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குத் திரும்பினர். வாடகை நின்றது, வங்கித் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் நிற்கவில்லை. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்ற முதலீட்டாளர்களின் புகாரை எவ்வாறு அணுகுவது?

புகார் செய்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்த சேமிப்பை ஒரே ஃபிளாட்டில் போட்ட செவிலியரும், விலை ஏறட்டும் என்று ஐந்து ஃபிளாட்டுகளைப் பூட்டி வைத்திருக்கும் பணக்காரரும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. உச்ச நீதிமன்றமே 2025 செப்டம்பரில் அளித்த தீர்ப்பில், உண்மையாக வீடு வாங்குவோரையும் ஊக முதலீட்டாளரையும் பிரித்துப் பார்த்தது. திவால் சட்டத்தை லாபம் மீட்கும் கருவியாக ஊகக்காரர்கள் பயன்படுத்த முடியாது என்றது.

அடுத்ததாக, வாக்குறுதி எதுவும் எழுத்தில் தரப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 12ஆவது பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்கு இழப்பீடு பெறும் உரிமையைத் தருகிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய தொகையை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். 31ஆவது பிரிவின்படி புகார் கொடுக்க வேண்டிய கேரள ஆணையத்தின் தலைமையகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஆகவே ஏமாற்றப்பட்ட சிறு சேமிப்பாளர் விளம்பரத் தாளையும் ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். அவருக்குத் துணை நிற்பது தோழர்களின் கடமை. (வாய்மொழியாகச் சொன்ன விற்பனைப் பிரதிநிதி பெரும்பாலும் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.) வாக்குறுதி எதுவும் இல்லாமல், சந்தை சரிந்ததால் மட்டுமே வாடகை குறைந்திருந்தால் அது முதலீட்டின் இடர். லாபம் வந்தபோது அதை யாரோடும் பகிர்ந்துகொள்ளாதவர்கள், நட்டம் வரும்போது மட்டும் அதை அரசின் தலையில் இறக்கிவைக்க முடியாது.

ஆனால் ரியல் எஸ்டேட் மூலதனம் சொல்லும் பரிகாரம் வேறு. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற வழி வேண்டும், வாடகையை இஷ்டம்போல் ஏற்ற வேண்டும் என்கிறது. ஒன்றிய அமைச்சரவை 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வாடகைக்கு உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்கிறது. வேலைக்காக நகரத்துக்கு வந்த தொழிலாளிக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையில் அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்பது தெரிந்ததே. சட்டம் வகுத்த காரணமின்றி வாடகைதாரரை வெளியேற்றத் தடை விதிக்கும் கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தை நீர்க்கச் செய்ய எந்த முதலீட்டாளரின் புகாரும் காரணமாகிவிடக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சுமார் 11.9 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அதே மாநிலத்தில்தான் வீடற்றோருக்காக லைஃப் திட்டம் தேவைப்பட்டது. பெருநகரங்களில் ஏற்கெனவே உள்ள வீடுகளே பற்றாக்குறையைத் தீர்க்கப் போதும் என்று எங்கெல்ஸ் 1872இல் எழுதியது திருவனந்தபுரத்துக்கும் பொருந்துகிறது. குடிகிடப்புக்காரருக்கு நகரத்தில் 3 சென்ட், கிராமத்தில் 10 சென்ட் என்று குடியிருப்பு நிலத்தை உரிமையாக்கிய மண் இது. 1972இல் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கியதும் இதே மண்தான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி விதிக்கும் யோசனையை 2023 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. வெளிநாட்டில் உழைப்பவரின் ஒரே வீட்டுக்கு விலக்கு அளித்து, இரண்டாவது, மூன்றாவது வீடுகளைப் பூட்டி வைப்போரிடம் மட்டும் வசூலிக்கும்படி அந்த யோசனையைத் திருத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், வாடகை வரவில்லை என்று புலம்புவோரில் பலர் நியாயமான வாடகைக்கு வீட்டைத் திறந்துவிட்டிருப்பார்கள்.