குளம்புக்கு ஒரு டயபர்
கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பைக் குதிரைச் சவாரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் நூறு மைல்! ஆனால் மனதில் நின்றது, அங்குள்ள மலைச் சவாரிக்காரர்கள் பலர் சேணப்பையில் வைத்திருக்கும் குழந்தை டயபர்தான். லாடம் கழன்று குளம்பு பிளந்தால் டயபரால் பொதிந்து, மேலே அகல ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். மெத்தையாகவும் இருக்கும், கசிவையும் உறிஞ்சும். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் விலக்கிப் பார்க்கக் கூடாது. எல்லாம் சரி, கட்டுப் போட்டதும் மறுபடி ஏறி உட்காருகிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலியை மறைத்துக்கொண்டு நடக்கும் பிராணி அது. இறங்கி, கூடவே நடப்பதுதான் முதல் வைத்தியம். முதலில் வரும் பத்துக் குதிரைகளில் மிகத் திடமாக இருப்பதற்கு 1964 முதல் அங்கே ஹேகின் கோப்பை தருகிறார்கள். வேகத்துக்குத் தரும் பரிசைவிட அதுவே உயர்ந்தது.