கடலைப் பிளந்தவர் யார்?

ஹாலிவுட்டில் பாரமவுண்ட் கம்பெனியார் 1956-ல் "டென் கமாண்ட்மெண்ட்ஸ்" அதாவது பத்துக் கட்டளைகள் என்னும் படத்தை சுமார் 130 லட்சம் டாலர் செலவில் வெளியிட்டார்கள். அதில் மோசே கோலை நீட்டியதும் செங்கடல் இரண்டாகப் பிளந்து வழிவிடுகின்றது. பக்தர்கள் பரவசமாகக்கூடிய இக்காட்சியில் நடந்த சங்கதி என்ன? பெரிய தொட்டியில் தண்ணீரைக் கொட்டிப் படமெடுத்து, அந்தப் பிலிமைத் தலைகீழாக ஓட்டி, வேறு காட்சிகளோடு ஒட்டினார்கள். கடல் பிளந்துவிட்டது! இவ்வித்தைக்கு ஆஸ்கார் பரிசு வாங்கியவர் ஜான் ஃபுல்ட்டன் என்பவரேயல்லாமல் மோசேயுமல்ல, அவரது கடவுளுமல்ல.

இதோடு நின்றிருந்தால் நமக்கு ஆட்சேபணையில்லை. நிற்க, ஊர்தோறும் பத்துக் கட்டளைக் கற்களை நட்டு வந்த ஈகிள்ஸ் சங்கத்தாருக்குப் பட டைரக்டர் டிமில் ஆதரவு கொடுத்தார். படத்துக்கும் அது நல்ல விளம்பரமாயிற்று. அச்சங்கத்தார் கொடுத்த கல்லொன்று 1961-ல் டெக்சாஸ் சட்டசபை வளாகத்திலேயே நடப்பட்டது. அதை அகற்றும்படி ஒருவர் வழக்காடியதில், 2005-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டார் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கல் இருக்கலாமென்று தீர்ப்புச் சொன்னார்கள். சர்க்கார் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கக்கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாட்டில்!

படம் பிடிக்காதவன் கொட்டகைக்குப் போகாமலிருக்கலாம். சட்டசபைக்குப் போக வேண்டியவன் எந்த வழியாய்ப் போவது?