கண்ணாடி வழிகிறதா?

"கண்ணாடி உண்மையில் திடப்பொருள் அன்று, மிக மெதுவாக வழியும் திரவமே. ஐரோப்பாவின் பழைய பேராலயங்களைப் பாருங்கள், சன்னல் கண்ணாடிகள் அடிப்புறம் தடித்திருக்கின்றன!" அறிவியல் பேசுவோர் பலர் சுவைக்காகச் சொல்லும் செய்தி இது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் அருகில் முழந்தாளிட்டுச் செபிக்கும் நமக்குக் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இது உண்மையன்று. இனியும் இதை அறிவியல் என்று மாணவியருக்குச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

அக்காலத்தில் கண்ணாடியைச் சீராக வார்க்கும் எந்திரம் ஏது? உருகிய கண்ணாடியை ஊதி, தட்டுப்போல் சுழற்றி விரித்து, ஆறியபின் வெட்டினார்கள். ஆகவே ஒரே துண்டு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தது. தடித்த பக்கம் மேலே அமைந்த சன்னல்களும் உண்டு. மேல்நோக்கி வழியும் திரவம் உண்டோ? லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக் கண்ணாடியை ஒத்த கலவையின் பாகுநிலையை ஆராய்ந்தவர்கள் 2017-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நூறு கோடி ஆண்டுகளில் அது வழியக்கூடிய தூரம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்தான்! அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அப்படியானால் கண்ணாடிக்குள் எதுவுமே அசைவதில்லையா? அசைகிறது. அந்தக் கட்டுக்கதையைவிடச் சுவையான பகுதி இதுதான். உலோகக் கண்ணாடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசையாக நின்று படிகமாகிவிடும். 1960-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் என்பவரும் அவர் குழுவினரும், உருகிய தங்க-சிலிக்கான் கலவையை வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவிலான வேகத்தில் குளிர்வித்தார்கள். அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமே கிடைக்கவில்லை. காலை வழிபாட்டு மணி அடித்தவுடன், மாணவியர் வரிசைக்கு வந்து சேருமுன்பே, "அசையாதே!" என்று கட்டளையிட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் அவை நின்ற இடத்திலேயே உறைந்துபோயின. பார்வைக்கு உலோகம், உள்ளமைப்பில் கண்ணாடி.

அவ்வாறு நிற்கும் மாணவியர் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள்? ஒருத்தி காலை மாற்றுவாள், அடுத்தவள் சற்று நகர்வாள். அணுக்களும் அவ்வாறே சிறிது சிறிதாக நெருங்கி, வசதியான இடம் தேடிக்கொள்கின்றன. இதற்குத் தளர்வு என்று பெயர். பொருள் வழிவதில்லை, உருவம் மாறுவதில்லை. 2012-இல் பிரான்சின் கிரனோபிள் நகரத்தில் மெக்னீசியம், தாமிரம், இட்ரியம் கலந்த கண்ணாடியை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார்கள். அது இளகும் வெப்பநிலைக்குக் கீழேயும் அணுக்கள் இடம் மாறுவதைக் கண்டார்கள். அதுவும் யுகக்கணக்கில் அன்று, நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும்! நேரம் செல்லச் செல்ல அந்த அசைவு மந்தமாகிறது. கண்ணாடிக்கும் முதுமை உண்டு.

இது வெறும் வேடிக்கையன்று. இரும்பு கலந்த உலோகக் கண்ணாடி நாடா மின்மாற்றிகளின் உள்ளகத்தில் பயன்படுகிறது. மின்னிழப்பைக் குறைப்பதற்காக அதைச் சூடாக்கித் தளர்த்துகிறார்கள். கொல்லர் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அது இளக்கம் பெறும். இந்த நாடாவோ நொறுங்கும் தன்மை அடைகிறது! ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது. முதுமையடைந்த உலோகக் கண்ணாடியைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, இப்படியே பலமுறை செய்தால் இளமை திரும்புவதாக 2015-இல் அறிவித்தார்கள். எல்லா இடமும் ஒரே அளவாகச் சுருங்கி விரியாததால் உள்ளே அணுக்கள் மறுபடியும் கலைகின்றனவாம். சூடு கிழமாக்குகிறது, குளிர் இளமையாக்குகிறது. இதைவிட வியப்பான கதை எந்தப் பேராலயச் சன்னலில் இருக்கிறது?

திடப்பொருளில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிட்டால், கண்ணாடி அதில் எங்கே சேரும் என்று மாணவி கேட்கத்தான் செய்வாள். அந்த வரிக்குக் கீழே ஒரு பத்தியேனும் சேர்க்கலாம். "கண்ணாடி திடமா, திரவமா?" என்பதை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்காமல், ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம்.