மேனியும் மெய்யும்

காரின் கதவோர இடைவெளி மேலே மூன்று மில்லிமீட்டரும் கீழே ஐந்து மில்லிமீட்டருமாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? இன்ஜின் ஓடும், பிரேக் பிடிக்கும். மேனி மினுக்கைப் பொருட்படுத்துவது பேதைமை என்பாரும் உளர். உருவமா உள்ளடக்கமா என்று நெடுங்காலம் வாதிட்டு வந்த நமக்கு இவ்வினா புதிதன்று.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, தரக்கேட்டுக்கும் தொழிற்பூசலுக்கும் பேர்போனது. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவின் கூட்டில் மீண்டும் இயங்கியபோது, வேலைக்கு வந்தோருள் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. மாறியது வேலைமுறை. பிழை கண்டவர் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே சரியாகாவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். பழிக்கப்பட்ட அதே கைகள் பாராட்டத்தக்க கார்களைச் செய்தன.

2010இல் அக்கூட்டு முடிவுற்று, ஆலை டெஸ்லாவின் கைக்கு வந்தது. அங்கே உருவான மாடல் 3 காரை 2018இல் பிரித்து ஆராய்ந்த பொறியாளர் சாண்டி மன்ரோ, உடற்தகடுகளின் ஒவ்வாத இடைவெளிகளைக் கடிந்துரைத்தார். அதே காரின் மின்னணு அமைப்பை வியந்து போற்றினார். அவ்வாண்டே அமெரிக்க அரசின் மோதல் சோதனையில் அக்கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆகவே, வெளிக்குறையைக் கண்டதும் உள்ளேயும் குறை எனத் தீர்ப்பெழுதுவதற்கில்லை.

ஆயினும் வெளிக்குறை வெறும் அழகுக்குறை அன்று. தகட்டை அழுத்துவதில், பிடித்து நிறுத்துவதில், பற்றவைப்பதில், கீல் பூட்டுவதில் நேரும் சிறு பிசகுகள் ஒன்றுகூடியே இடைவெளியாக வெளித்தெரிகின்றன. பிசகு மிகுந்தால் காற்று இரையும், மழைநீர் கசியும். வண்ணப்பூச்சும் அணிகலன் மட்டுமன்று; துருவைத் தடுக்கும் காப்பு. பற்றவைத்த இடங்களை வாங்குபவர் காண இயலாது. அவர் கண்ணுக்கு எட்டுவது விளிம்பு ஒன்றே.

அச்சுப்பிழை மலிந்த நூலிலும் அரிய கருத்து இருக்கலாம். எனினும், மெய்ப்புப் பாராத பதிப்பாளர் பாடபேதங்களை மட்டும் கருத்தூன்றி ஒப்பிட்டிருப்பார் என்று நம்ப நமக்கு மனம் வருவதில்லை. காரிலும் அவ்வாறே. குரோமியப் பளபளப்பு இல்லாமற் போகட்டும். விளிம்புகள் பொருந்த வேண்டும். பிசகைக் கண்டவர் வேலையை நிறுத்தினாரா, நிறுத்த அவருக்கு உரிமை இருந்ததா என்று நாம் கேட்கத் தொடங்கும் இடம் அந்த விளிம்புதான்.