ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கப்படும் மிதிவண்டி

மைசூருவில் ஆய்வுக்குச் சேர்ந்த மாணவர் ஒருவர் மிதிவண்டி வாங்க விரும்பினால், இன்று அவருக்குப் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் ‘ஹைப்ரிட்’ வகையாகவே இருக்கும். நேரான கைப்பிடி, பெரிய சக்கரம், பந்தய வண்டியைவிடத் தடித்ததும் மலைவண்டியைவிட மெலிந்ததுமான டயர், பல கியர்கள் ஆகியவை அதன் இலக்கணம். பரிந்துரையில் தவறில்லை, தேர்ந்தெடுக்கும் முறையில்தான் தவறு நேர்கிறது. வாரத்தில் ஆறு நாள் விடுதிக்கும் துறைக்கும் இடையே ஓடவேண்டிய வண்டியை, எஞ்சிய ஒரு நாளின் சாமுண்டி மலையையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் மனத்திற்கொண்டு வாங்குகிறார்கள்.

இது சிறு பிழையன்று. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. இருபதாயிரத்தை ஒட்டிய விலையுள்ள வண்டி அவருக்கு இரண்டரை மாத வாழ்வு. அது மூன்றே மாதத்தில் விடுதிக் கொட்டகையில் காற்றிறங்கிக் கிடந்தால் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. அடுத்த வண்டி பெட்ரோல் வண்டியாகிவிடுகிறது.

கடைகளில் முதலில் எண்ணப்படுவது கியர். இருபத்தொன்று என்றால் உயர்வு, ஏழு என்றால் தாழ்வு. எண்ணிக்கைக்கு அத்தனை பொருளில்லை. மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது என்பதே கேள்வி. முன்பல்சக்கரத்தில் 44, பின்னே 18 பற்கள் கொண்ட பழைய ஒற்றைக் கியர் வண்டி, மிதியின் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். முன்னே 28, பின்னே 34 பற்கள் கொண்ட ஹைப்ரிட் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகரும். நகரைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் சாமுண்டி மலைக்கு இந்த இரண்டாவது கணக்கு வேண்டும். மானசகங்கோத்ரி வளாகத்துக்குச் சென்றுவர ஏழு கியர்களே மிகுதி.

அடுத்த மயக்கம் முன்புற ஸ்பிரிங் ஃபோர்க். மலிவு வண்டிகளில் அது எடையைக் கூட்டி, மிதிக்கும் ஆற்றலையும் விழுங்குகிறது. குண்டுகுழிக்கு நல்ல மருந்து 38 முதல் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர். அதிலும் காற்றைச் சற்றே குறைத்து வைத்தல். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மிதிவண்டிக்கு அனுமதியில்லாததால், ஞாயிறு உலாவும் சேவைச்சாலையில்தான். அங்கும் இந்த டயரே கைகொடுக்கும்.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. விலைச்சீட்டில் பார்த்த ஹைப்ரிட்டுடன் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி, விளக்கு ஆகியவை பெரும்பாலும் வருவதில்லை. தனியே வாங்கினால் மேலும் சில ஆயிரம். சில சட்டங்களில் கேரியரைத் திருகப் புழையே இராது. ஜூன் பிறந்து மழை தொடங்கியதும் முதுகில் சேற்றுக்கோடு விழும். மடிக்கணினிப் பை தோளை இழுக்கும். மூடப்படாத சங்கிலி வேட்டியையும் துப்பட்டாவையும் கவ்வும். 1949இல் நிறுவப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் தந்த பழைய கறுப்பு வண்டியில் இவையெல்லாம் கேளாமலே இருந்தன. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஏறிய அந்த வண்டியை எடை மிகுந்தது என்று ஒதுக்கியபோது, அதன் அறிவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டனர்.

மைசூருவுக்கு இது புதிய செய்தியன்று. 2017 ஜூனில் ஏறத்தாழ 450 வண்டிகளோடும் 48 நிலையங்களோடும் தொடங்கிய ‘டிரிண் டிரிண்’ பொது மிதிவண்டித் திட்டம் மலையேற்றத்துக்காக வகுக்கப்படவில்லை. பேருந்தைவிட்டு இறங்கியபின் எஞ்சும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்காகவே வகுக்கப்பட்டது. நகராட்சி நிர்வாகத்துக்கு விளங்கிய அந்தத் தூரம், சொந்தக் காசில் வாங்குவோருக்கு ஏனோ விளங்குவதில்லை.

உயரம் குறைந்தோர், குறிப்பாக மாணவியர், படும் தொல்லை தனி. சிறிய அளவுச் சட்டம் கையிருப்பில் இல்லையென்றால் ‘சீட்டை இறக்கித் தருகிறோம்’ என்பது கடைக்காரர் விடை. சீட்டை இறக்கினால் கைப்பிடி அருகே வந்துவிடாது, மேற்குழாயும் தாழாது. அத்தகைய வண்டியை எத்தனை தள்ளுபடிக்கும் வாங்கலாகாது.

ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், கேரியருக்குப் புழை, தடித்த டயர், உடலுக்கேற்ற சட்டம் என்ற நான்கும் அமைந்த ஏழு அல்லது எட்டுக் கியர் வண்டி போதும். கடைக்குச் செல்லும்போது வெறுங்கையோடு செல்லாமல், அன்றாடம் சுமக்கும் புத்தகப் பையோடு சென்று, துறைக்குப் போகும் அதே உடையில் ஒரு மேட்டிலாவது ஓட்டிப் பார்த்தபின் விலை பேசலாம்.