களஞ்சியத்தின் சாவி யாரிடம்?

நைஜரில் பஞ்சம் என்றாலே மழை பொய்த்தது, வெட்டுக்கிளி வந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கத்தை நான் ஏற்க மறுக்கிறேன்.

2004இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்தே தாக்கின. ஆனாலும் தானிய விளைச்சல் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 11 சதவீதம்தான் குறைந்தது. மறு ஆண்டு மருத்துவ முகாம்களில் எலும்பும் தோலுமாகக் குவிந்த பிள்ளைகளில் ஏராளமானோர், நாட்டிலேயே நன்றாக விளையும் மராடி வட்டாரத்துப் பிள்ளைகள். சந்தையில் கம்பு இருந்தது. வாங்கப் பணம் இல்லை. உணவு இருந்தும் பட்டினி வரும் என்று அமர்த்தியா சென் 1981லேயே எழுதிவிட்டார். அந்தக் கேள்வியை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும்.

தெற்கு நைஜரின் ஹௌசா குடும்பங்களில் பொது நிலத்துக் கம்பும் சோளமும் கணவரின் களஞ்சியத்துக்குப் போகின்றன. அந்த நிலத்தில் மனைவியும் உழைக்கிறாள். அவர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டால், களஞ்சியத்தைத் திறக்கும் உரிமை பல வீடுகளில் அவளுக்கு இல்லை. அவளுக்கென்று இருப்பது 'கமனா' என்னும் துண்டு நிலம். அதில் விளையும் வேர்க்கடலையும் தட்டைப்பயறும்தான் அவள் கைக்காசு. நிலம் பங்கு பிரிந்து சுருங்கும்போது முதலில் பறிபோவதும் அதுதான். ஜிண்டர் வட்டாரத்தின் சில பகுதிகளில் பெண்கள் விவசாயத்தை விட்டே விலக்கப்பட்டார்கள். மதத்தின் பெயரால் அவளை வீட்டுக்குள் இருத்துகிறவர்கள், மகனின் பங்கில் பாதியை மகளுக்குக் கொடு என்று அதே மதம் சொல்வதைக் காட்டினால், ஊர் வழக்கம் என்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, தாய்க்குப் பிள்ளைக்கு ஊட்டத் தெரியவில்லை என்று பழி வேறு! பூட்டிய களஞ்சியத்தின் முன் நிற்பவளுக்குச் சத்துணவுப் பாடம் எதற்கு?

"முதலில் விளைச்சலைப் பெருக்குவோம், பெண்ணுரிமை பிறகு" என்பவர்களிடம் கேட்கிறேன்: பெருகும் மூட்டை யார் பூட்டுக்குள் போகும்? அறுவடைக்கு முந்தைய ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பசி மாதங்களில் அது அவள் அடுப்புக்கு வருமா?

நிலத்தை அவள் பெயரில் எழுதுங்கள். பலதார வீடுகளில் ஒவ்வொரு மனைவியின் அடுப்பையும் தனித்தனியாகக் கணக்கெடுத்து நிவாரணம் கொடுங்கள். எத்தனை டன் விளைந்தது என்று கேட்கும் ஒவ்வொரு அறிக்கையும், சாவி யாரிடம் என்றும் கேட்கட்டும்.