எள்ளற்பெயரும் இழிபெயரும்

படைத்துறையில் இளம் அலுவலராகச் சேர்ந்துள்ள என் பழைய மாணவர் ஒருவர் விடுப்பில் ஊர் வந்தவர் என்னைக் காண வந்திருந்தார். இளம் படைத்தலைவர்க்குப் படைமறவர் சூட்டும் எள்ளற்பெயர்களைப் பற்றிப் பேச்செழுந்தது. "இப்பெயர்கள் எங்கட்கு இழிவாகாவா, ஐயா?" என்று அவர் வினவினார். நான் வாய் திறக்குமுன், உடனிருந்த என் நண்பர், "எல்லாம் வேடிக்கைதானே! இதற்கா சினங்கொள்வது?" என்று கூறி முடித்துவிட்டார். அந்த 'வேடிக்கைதானே' என்னும் சொல் நம் செவியில் நெடுநாளாக விழுந்து புளித்த சொல். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் இல்லை.

முதற்கண் பெயர்களைப் பார்ப்போம். அமெரிக்கப் படைத்தலைவருள் கடைநிலையினன் இரண்டாம் இலெப்டினன்டு. அவன் தோளில் ஒற்றைப் பொன்னிறப் பட்டை. அஃது 1917-இல் வந்த அடையாளம். அவனுக்கு மேல்நிலையினனுக்கோ வெள்ளிப் பட்டை! பொன் கீழும் வெள்ளி மேலுமாக நிற்கும் இவ்விந்தைப் பட்டையைப் படைமறவன் 'வெண்ணெய்ப் பட்டை' என்கிறான். முதல் வெயிலிலேயே உருகிவிடும் என்று எண்ணினான் போலும்! 'மழித்த வால்' என்பது அதனினும் பழைய பெயர். பழகாத புதுக் கோவேறு கழுதையைப் பழகியவற்றினின்று பிரித்தறிய அதன் வாலை மழித்துவிடுவது அக்காலத்தில் அப்படையின் வழக்கமாக இருந்தது. இது வழியறியாது, உதைக்கும், விலகி நில் என்பதே அதன் குறிப்பு. இரண்டாம் உலகப்போரில் (1939–1945) ஏறத்தாழ மூன்று திங்கட் பயிற்சியோடு தலைவராகி வந்தோரைத் 'தொண்ணூறு நாள் விந்தை' என்றனர்.

ஆங்கிலப் படையிலோ இளந்தலைவனுக்கு 'உரூபர்ட்டு' என்று பெயர். அது மேட்டுக்குடியினர் தம் மக்கட்கு விரும்பி இடும் பெயர். இதன் வேரை அறிய 1871-ஆம் ஆண்டுக்கு முன் செல்ல வேண்டும். அதுவரை அந்நாட்டுக் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் தலைமைநிலைகள் விலைக்கு விற்கப்பட்டன! பணமுடையவன் மகன் தலைவனானான். பணமற்றவன் நாற்பது அகவையிலும் அவனுக்குப் படைவணக்கம் செய்தான். விற்பனை ஒழிந்தும் குடிப்பிறப்பின் செருக்கு உடனே ஒழிந்துவிடவில்லை. அச்செருக்கை நோக்கி எறிந்த கல்லே உரூபர்ட்டு.

இவையெல்லாம் கரணியப் பெயர்கள். 'இலெப்டினன்டு' என்று நம்மவர் வாய்நிறையச் சொல்லி மகிழ்கின்றனரே, அப்பிரெஞ்சுச் சொல்லுக்கு 'இடத்தைப் பற்றியிருப்பவன்' என்பதற்கு மேல் பொருளில்லை. படைமறவன் சூட்டிய பெயரில் அதைவிடப் பொருட்செறிவு உண்டு.

மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் கூறவந்த தொல்காப்பியர், எள்ளலை அடுத்து இளமையை வைத்தார். பேதைமையும் மடனும் அவற்றொடு நின்றன. இந்நான்கும் ஒருங்கே திரண்ட உருவம் புதிதாய் வந்த இளந்தலைவனையன்றி வேறு யார்? போர்க்களம் கண்ட மறவன், ஏடு மட்டுமே கண்ட இளைஞன் இடும் ஆணைக்குத் தன் உயிரை ஒப்புவிக்க வேண்டியுள்ளது. மறுத்துப் பேச அவனுக்கு உரிமையில்லை. நகைக்க மட்டுமே உரிமையுண்டு. அந்நகையையும் பறிப்பது கொடுமை. ஆதலின் என் மாணவர்க்குச் சொன்னேன்: "இதில் இழிவு ஒன்றுமில்லை, தம்பி. பொறுத்துக்கொள். நீ தேர்ந்தவனானால் அப்பெயர் தானே உதிரும்."

என் நண்பர் வெற்றி கொண்டவர்போல் தலையசைத்தார். ஆனால் அவர் வாதம் இங்கேதான் முறிகிறது. கீழிருந்து மேல் நோக்கி எழும் பெயர் வேறு; மேலிருந்து கீழ் நோக்கி விழும் பெயர் வேறு. முன்னது நகை, பின்னது அடி.

வெள்ளையராட்சியின் படையில் நம்மவர் பெற்ற பெயர்களைப் பாருங்கள். சாண்டர்சுட்டுப் பயிற்சிக் கல்லூரியில் இந்தியர்க்கு ஆண்டுக்குப் பத்து இடம் கிட்டியதே 1918-இல்தான். தேராதூன் கல்லூரி தோன்றியது 1932-இல். அதற்கு முன் படைமறவனாகச் சேர்ந்தவன் எத்துணை வல்லவனாயினும் சுபேதார் மேசர் என்னும் நிலையோடு நின்றான். தலை நரைத்த சுபேதார், நேற்றுக் கப்பலிறங்கிய ஆங்கிலச் சிறுவனுக்கும் கீழ்ப்பட்டவர். அவர்க்கு முற்காலத்து வழங்கிய பெயர் 'நாட்டு அலுவலர்'. இதை எவரும் எள்ளற்பெயர் என்னவில்லை. அரசு ஏட்டில் அச்சேறிய பெயரன்றோ!

'சமேதார்' என்பது அவ்வரிசையில் சுபேதாருக்கு அடுத்த கீழ்நிலை. அப்பெயராலேயே வடநாட்டில் துப்புரவுப் பணியாளரையும் அழைக்கலாயினர். துப்புரவு இழிதொழில் என்று நான் ஒருபோதும் சொல்லேன். தலைவன் பெயரை ஈந்தவர்கள் தலைவனுக்குரிய மதிப்பையும் கூலியையும் ஏன் ஈயவில்லை என்பதே என் வினா. படைத்துறையில் அப்பெயர் 1965-இல் நீங்கி, 'நாயிப் சுபேதார்' என்றாயிற்று. தெருவில் பெருக்குவோர்க்கு அது நீங்கவில்லை. ஈரிடத்தும் அதைத் தாங்கியவரைக் கேட்டு எவரும் பெயர் சூட்டவில்லை.

இனி நம் வீட்டிற்கு வருவோம். சென்னைப் படைப்பிரிவின் மறவர்க்கு இந்தியப் படையில் வழங்கும் பெயர் 'தம்பி'. அன்பின் பெயர் என்பர். பல வாயில் அன்பாகவே வழங்குவதை மறுக்கமாட்டேன். ஆயினும் தமிழறிந்தவன் செவிக்கு ஒன்று உறுத்துகிறது. தம்பி என்பது இளையோனை மூத்தோன் அழைக்கும் முறைப்பெயர். நாற்பத்தைந்து அகவைச் சுபேதாரை, மீசை அரும்பிய வடபுலத்து இளந்தலைவன் தம்பி என்றால் அது முறைபிறழ்ச்சி. அவன் அறியாமல் சொன்னால் கற்பிக்கலாம். அறிந்து சொன்னால் கண்டிக்கலாம். இரண்டையும் செய்யாமல் 'வேடிக்கைதானே' என்று இளிப்பதைத்தான் நான் வெறுக்கிறேன். 'மதராசி' என்று நம் அனைவரையும் ஒரே கோணியில் கட்டியபோதும் இந்நண்பர் போன்றோர் இளித்துக்கொண்டுதான் நின்றனர்.

விடைபெறும்போது மாணவர், தம் பிரிவிலுள்ள தமிழ்ச் சுபேதாரை எப்படி அழைப்பது என்று கேட்டார். சுபேதார் சாகிபு என்று அழைப்பதே அங்குள்ள வழக்காம். அயற்சொல்லானாலும் அதில் மதிப்பு இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம், தனியே பேசும்போது 'ஐயா' என்று அழையுங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அவர் என்னை வெண்ணெய்ப் பட்டை என்றால்?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்றேன்.